மாடிப்படிக்கு இரண்டு கட்டைகள்

சென்ற வருடம் பனிக்காலம் முடிகிற நேரம் என் கணவர் மாடிப்படியில் விழுந்தார். விழும்போது எட்டிப் பிடித்ததில், கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்கும் கடைந்த கட்டைகளில் இரண்டு முறிந்தன. அவருடைய இடுப்பெலும்பும் முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் படியடியில் நின்று அந்த இடைவெளியைப் பார்த்தார். மேலே படுக்கையறைக்கு ஏறவில்லை. இருப்பறைச் சோபாவில் படுத்துக்கொண்டார்.

கட்டைகளைப் போட்டுவிட்டால் ஏறுவார் என்று நானே முடிவுகட்டினேன். மில்லிக்கன் பகுதியில் இருக்கும் எங்கள் வீடு பழையது. அந்த வடிவம் எந்தக் கடையிலும் இல்லை. வந்து பார்த்த தச்சர் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. மருந்துக்கடையில் என்னோடு வேலைசெய்யும் ஒருத்திதான் பொதுப் பட்டறை ஒன்றைப் பற்றிச் சொன்னாள். அங்கத்தவராகச் சேர்ந்தால், கணினி சொல்லும்படி மரம் வெட்டும் சிஎன்சி மெசினை நேரம் பதிந்து பாவிக்கலாம். உருண்டையான வேலைக்கு அதில் பூட்ட ஒரு ரோட்டரியும் இருந்தது. மரத்தை இரண்டு முனையிலும் பிடித்து மெல்லச் சுழற்றிக் கொடுக்கும் கருவி அது.

இரண்டு நாள் பயிற்சி எடுத்தேன். தனியே போனது ஒரு சனிக்கிழமை. பத்து மணியிலிருந்து இரண்டுவரை மெசின் எனக்கு.

ரோட்டரியைப் பூட்டவே ஒரு மணித்தியாலம் போனது. மெசினின் ஒரு மோட்டரிலிருந்து வயரைக் கழற்றி ரோட்டரியில் செருக வேண்டும். பிறகு, மரம் எவ்வளவு சுழல வேண்டும் என்று சொல்லும் ஓர் எண்ணைக் கணினியில் மாற்ற வேண்டும். மரத்தில் பென்சிலால் கோடு போட்டு, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னேன். கோடு மேலே திரும்பி வராமல் பக்கவாட்டில் நின்றது. எண்ணைக் கூட்டினேன். இம்முறை தாண்டிப் போனது. பயிற்சி தந்தவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒஷாவா நகரில் தன் வேலையில் நின்றிருக்க வேண்டும்; எடுக்கவில்லை. கூட்டியும் குறைத்தும் ஒன்றரை மணிக்குத்தான் கோடு சொன்ன இடத்தில் வந்து நின்றது.

அதற்குள் இரண்டு மணிக்கு மெசினைப் பதிந்திருந்த அடுத்த ஆள் வந்துவிட்டாள். மணவறை அலங்காரம் செய்பவள், இந்த நாட்டிலேயே பிறந்தவள், முப்பது வயதிருக்கும். அன்று பின்னேரமே மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டிய, மணமக்களின் பெயருக்கான மர எழுத்துகளை வெட்ட வந்திருந்தாள்.

“அன்ரி, நீங்க முடியுங்கோ. நான் வெயிட் பண்ணுறன்.”

“பிள்ளை, உமக்கு உது தெரியுமோ? ஒருக்காப் பாரும்.”

“ஐயோ, ரோட்டரி நான் டச் பண்ணினதே இல்லை அன்ரி. சொறி.”

அவள் மணியைப் பார்க்காமலிருக்கப் பாடுபடுவது தெரிந்தது. அவசரமாகத் தொடக்கினேன். என் வரைபடம் உயரத்தை மரத்தின் மேற்பரப்பிலிருந்து கணக்கிட்டிருந்தது. நானோ மெசினுக்கு மரத்தின் நடுவைக் காட்டியிருந்தேன். வெட்டும் பிட் நேரே நடுவுக்குள் இறங்கியது. பெரிய சத்தத்தோடு மரம் பிடியிலிருந்து பிய்ந்தது. சிவப்புப் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை எழவில்லை. அவள்தான் ஓடிவந்து அழுத்தினாள்.

மரத்தைக் கவ்வும் பிடி கோணிப்போயிருந்தது. இனி எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக் கொடுக்க வேண்டும். வயரைச் செருக முயன்றேன், துவாரத்தில் பொருந்தவேயில்லை.

“விடுங்கோ அன்ரி, நான் செய்யிறன். நீங்க போய் இருங்கோ,” என்றாள்.

போய் ஒரு கதிரையில் இருந்தேன். என் பிழையைத் திருத்துவதில் அவளுடைய நேரத்தில் பாதி போனது. அவள் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை.

வீட்டில் அவர் கேட்டார்: “சரிவந்ததோ?”

“இல்லை. ரோட்டரியும் பழுதாப் போச்சு. திருத்தினாப் பிறகு திரும்பப் போறன்.”

“என்னத்துக்கு? கட்டை போட்டாலும் நான் மேலை வரமாட்டன்.”

“ஏன்?”

“முதலாம் படியிலை காலை வைக்கவே நடுங்குது. எனக்கு ஏலாது.”

இத்தனை நாளும் முறிந்த துண்டுகளை அளந்துகொண்டிருந்த நான் அவரிடம் ஒருமுறைகூட இதைக் கேட்கவில்லை. அந்தத் துண்டுகளை எடுத்து ஒரு பெட்டிக்குள் போட்டேன்.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டார் வந்து சிறிய கட்டிலொன்றைக் கீழே இறக்கித் தந்தார்கள். இருப்பறையில் எனக்கும் ஒரு கட்டில் போட இடமில்லை.

“நீர் மேலை போய்ப் படும்,” என்றார் அவர். “எனக்கு ஒண்டும் இல்லை.”

நான் ஏறிப் போனேன்.