இரண்டு பேரும் சரிசெய்த போன்

எங்கள் கடை வரிசையில் செல்போன் ரிப்பேர் கடைக்காரருக்குப் பெயர் ப்ளோயர். செல்போன் போர்டில் ஈயத்தை உருக்கச் சூடான காற்றை ஊதுமே, அந்தக் கருவிக்கும் அதுதான் பெயர். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கருவியையாவது சுவிட்சைத் தட்டி அணைக்கலாம். "வேற கடையில கேட்டேன்" என்று வாய்தவறிச் சொன்னவரின் சட்டையைப் பிடித்த மனிதர். எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்த பாவத்துக்கு, விலக்கிவிடப் போய் நானும் அடி வாங்கியிருக்கிறேன்.

அவரை அடக்கக்கூடிய ஒரே ஆள் தங்கை. பெற்றவர்கள் போனபிறகு அவர் தூக்கி வளர்த்த பெண். அவளைக் கட்டிய மாப்பிள்ளையும் அதே கடையில்தான் உட்கார்ந்திருந்தார். போனைத் திறந்து செய்கிற வேலை ப்ளோயருக்கு, கம்ப்யூட்டரில் மாட்டிச் செய்கிற வேலை மாப்பிள்ளைக்கு. மத்தியானம் அவள் சாப்பாடு கொண்டுவந்தால் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அண்ணனும் புருஷனும் இப்படியே சேர்ந்திருக்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அப்போதுதான் அந்தப் புது மாடல் வந்து தொலைந்தது. கையில் இறுக்கிப் பிடித்தால் சிக்னல் காணாமல் போகும். சாஃப்ட்வேர் கோளாறு, அப்டேட்டில் சரியாகிவிடும் என்றது கம்பெனி. பிரித்துப் பார்த்தவர்கள், ஆன்டெனாவை வைத்த இடமே தப்பு என்றார்கள். உலகமே இன்டர்நெட்டில் இரண்டாகப் பிரிந்து திட்டிக்கொண்டது. எங்கள் தெருவுக்குத் திட்டு போதவில்லை. மாப்பிள்ளை கம்பெனி கட்சி, ப்ளோயர் ஆன்டெனா கட்சி. டீ குடிக்க வந்தவன்கூட ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தான். ஒருநாள் ஸ்டூல் பறந்து ஷோகேஸ் நொறுங்கியது. அடுத்த வாரம் மாப்பிள்ளையின் உதடு கிழிந்தது.

தங்கை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தாள். அவளுடையதும் அதே மாடல்தான்.

"என் போனையே சரிபண்ணிக் காட்டுங்க. யாரு தோத்தாலும் அப்புறம் இதப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது" என்றாள்.

மறுநாள் ப்ளோயர் எல்லார் முன்னாலும் போனைத் திறந்து ஆன்டெனாவை இடம் மாற்றிப் புது ஈயம் வைத்தார். மூடி, அவள் கையில் கொடுத்தார். இறுக்கிப் பிடித்தாள். சிக்னல் அசையவில்லை. கூட்டம் விசிலடித்தது.

"காலையிலேயே வீட்டுல அப்டேட் போட்டுட்டேன்யா! அதான் நிக்குது!" என்று கத்தினார் மாப்பிள்ளை.

திறப்பதற்கு முன்னால் இறுக்கிப் பிடித்து, சிக்னல் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஜெயிக்கிற அவசரத்தில் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும்தான், வெட்கம் கெட்டவர்கள்.

"திருட்டுப் பயலே!" ப்ளோயர் மாப்பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்து மேஜையில் மோதினார். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. மாப்பிள்ளை கையில் அகப்பட்ட திருப்புளியால் அவர் தோளில் குத்தினார். ப்ளோயர் அணைக்க மறந்த கருவி மேஜையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வலி தாங்காமல் அவர் அதை எடுத்து மாப்பிள்ளையின் கண்ணுக்கு நேராக நீட்டினார். தங்கை குறுக்கே கையை வைத்தாள்.

தோல் கருகிய நாற்றம் என் கடை வரைக்கும் வந்தது. அவள் போட்ட அலறலில் கூட்டம் சிதறி ஓடியது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியது நான்தான். அதைக்கூட அவ்வளவு நேரம் கழித்துத்தான் செய்தேன்.

வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் அதே போனை இறுக்கிப் பிடித்துப் போலீசைக் கூப்பிட்டாள். கடை பெயரைச் சொன்னாள். அண்ணன் பெயரைச் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, புருஷன் பெயரையும் சொன்னாள். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

ப்ளோயர் தோளில் ரத்தம் வழிய அவள் முன்னால் மண்டியிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் கேட்டது இதுதான்:

"கட் ஆகலல்ல? நல்லாக் கேட்டுச்சுல்ல?"

"நல்லாக் கேட்டுச்சுண்ணா" என்றாள் அவள். "ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு."