பீங்கான் கம்பெனியில் மனசை லேசாக்கும் வகுப்பு

எல்லோரும் பிறந்ததிலிருந்து இலவசமாகச் செய்துவருகிற ஒரு காரியத்தை, அதாவது மூச்சு விடுவதை, உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. 'மன அழுத்த மேலாண்மைப் பயிற்சியாளர்' என்று என் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருத்தி வந்து கண்ணை மூடச் சொல்லியிருப்பாள். நீங்களும் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒருத்தி நான்தான். விருத்தாசலத்தில் வாஷ்பேசின் செய்கிற ஒரு கம்பெனிக்கு வாராவாரம் வகுப்பெடுக்கப் போனபோது நடந்தவை இவை. நடுவில் கொஞ்சம் சிரிப்பு வரும். ரொம்ப தூரம் கூடவே வராது.

பஸ்ஸுக்கு நேரமாச்சு

வெளிநாட்டுக்குச் சரக்கு எடுக்கிறவர்கள், 'தொழிலாளர் நலனுக்கு என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டார்களாம். உடனே என்னைத் தேடிப்பிடித்தார்கள். எச்.ஆர். பையன் கார்த்திக் நல்ல மாதிரி. வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனான். ஆனால் வேலை நேரத்தில் வகுப்பு வைக்க மேனேஜர் சம்மதிக்கவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இடம் பேக்கிங் ஷெட். வைக்கோலை ஓரமாகத் தள்ளிவிட்டு, அட்டையை விரித்துப்போட்டு, நாற்பது பேரை உட்கார வைத்தார்கள். இமை மயிரில்கூட வெள்ளைத் தூள் படிந்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெயிலில், 'குளிர்ந்த காற்று உங்கள் மூக்கு வழியாக உள்ளே போகிறது' என்று நான் ஆரம்பித்தேன்.

முன்வரிசையில் அம்சவல்லி என்று ஒரு பெண். பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் அடிக்கிற செக்‌ஷனில் வேலை. வேப்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் ஊருக்கு இருக்கிற பஸ்ஸை விட்டால் அடுத்தது பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான். இது எனக்கு அப்போது தெரியாது. "நல்லா இழுங்க... அப்படியே பிடிச்சு வைங்க..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். "மேடம், இழுத்தாச்சு. விடறத பஸ்ஸுல போயி வுட்டுக்கறேங்க."

சிரிக்கச் சொன்னார்கள்

சிரிப்புப் பயிற்சி எல்லா ஊரிலும் எடுபடும். கையைத் தட்டிக்கொண்டு 'ஹோ ஹோ, ஹா ஹா' என்று பொய்யாக ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் நிஜச் சிரிப்பு வந்துவிடும். இங்கே வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கும்பலாக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் முருகவேல். அச்சில் மண்குழம்பு ஊற்றுகிற இடம், காய வைக்கிற ரூம், கிளேஸ் செக்‌ஷன் மூன்றுக்கும் அவர்தான் சூப்பர்வைசர். கறுத்து, மெலிந்து, கழுத்து நரம்பு தெரிகிற மனுஷன். தொண்டையைத் திறந்தால் கேட் வரைக்கும் கேட்கும்.

"மேடம் சொல்றாங்க இல்ல? என்னா மரம் மாதிரி நிக்கறீங்க? சிரிங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார். ஷெட்டே அதிர்கிற மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே ஆச்சரியம். வகுப்பு முடிந்து கைகழுவப் போன இடத்தில், இன்றைக்கு நன்றாகச் செய்தீர்களே என்று அம்சவல்லியைப் பாராட்டினேன். அவள் குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்: "சிரிக்கலன்னா அவரு நாளைக்கி விரிசல் வுட்ட பீஸ எடுத்து மூஞ்சிக்கி நேரா காட்டி 'இது யாரு பார்த்த வேலை'ன்னு கத்துவாரு மேடம். அதுக்கு இது தேவலாம்."

ஆழ்ந்த தியானம்

ஒரு வாரம் சூளையில் வேலை செய்கிறவர்களுக்கு வகுப்பு. ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்களை அப்படியே ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சுவரில் சாய்ந்து உட்காரச் சொல்லி, கால் விரலிலிருந்து ஒவ்வொரு அங்கமாகத் தளர்த்தச் சொன்னேன். முழங்காலுக்கு வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இடுப்பைத் தாண்டியபோது என் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. ஒருவர் பக்கத்தில் இருந்தவர் மடியிலேயே சாய்ந்துவிட்டார். அவர் எழுப்பவில்லை, அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்ப மனசு வரவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு நானும் ஓர் அட்டையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வகுப்பு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கார்த்திக் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி வந்தான். நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தான். போகும்போது என் காதருகே குனிந்து சொன்னான்: "சூப்பர் மேடம், எவ்ளோ ஆழமான தியானம்! எங்க எம்.டி. பார்த்தா அசந்துடுவாரு."

யாருக்கும் தெரிய வேணாம்

கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஒருநாள் பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்தேன். முருகவேல் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று, எனக்கும் சேர்த்து டீ சொன்னார். நான் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். இன்னொரு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய் நாளாகிவிட்டது. அவருடைய செக்‌ஷனும் இப்போது இவர் தலையில். சூளையிலிருந்து பீஸ் விரிசலோடு வந்தால் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் இவரை நிற்க வைப்பார்கள். "அங்க வாங்கறத இங்க வந்து எறக்கி வெக்கிறேன் மேடம். நானும் மனுசந்தான். பொம்பளைங்கள கத்திட்டுப் போனா சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். படுத்தால் தூக்கம் இல்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சை யாரோ அமுக்குகிற மாதிரி இருக்கிறதாம்.

இது மூச்சுப் பயிற்சியில் போகிற காரியம் இல்லை, இன்றைக்கே டாக்டரிடம் போங்கள், ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள் என்றேன். எக்ஸ்போர்ட் லோடு போகட்டும், போய்விடுகிறேன் என்றார். விடாமல் இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு, கேட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் போறேங்க. அந்த கண்ண மூடறது இருக்குதே, அத எனக்குத் தனியா சொல்லிக் குடுங்க. வேல செய்யறவங்க பாத்தாங்கன்னா அப்புறம் எவனும் பயப்பட மாட்டான்."

லீவு எதுக்கு?

மறுவாரம் கார்த்திக்கிடம் போனேன். டீக்கடையில் பேசியதை அப்படியே சொல்ல முடியாது. அந்த சூப்பர்வைசர் முகமே சரியில்லை, ஒரு வாரமாவது லீவு கொடுத்து செக்கப்புக்கு அனுப்புங்கள், பாதி வேலைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அவன் அக்கறையாகத்தான் கேட்டான். மேனேஜர் ரூமுக்குள் போனான். கதவு மூடிக்கொண்டது. ரொம்ப நேரம் கழித்து, உள்ளேயிருந்து கொண்டுவந்த பதிலை என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அதுக்குத்தானே உங்கள வெச்சு கிளாஸ் நடத்துறோம், அப்புறம் லீவு எதுக்குன்னு கேக்கறாரு மேடம்."

சத்தமில்லாத வீடு

லோடு போவதற்கு முன்பே முருகவேல் விழுந்துவிட்டார். காய வைக்கிற ரூமில் ஸ்டாண்டுகளுக்கு நடுவே. பீஸ் உடைகிற சத்தம் கேட்டுத்தான் ஓடினார்களாம். கம்பெனி வேன் எங்கேயோ போயிருந்தது. அம்சவல்லியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி ஷேர் ஆட்டோவில் போட்டார்கள். தலை அவள் மடியில். "என்னா உடைஞ்சிது, எவ்ளோ உடைஞ்சிது" என்று கேட்டுக்கொண்டே வந்ததாகப் பிறகு சொன்னாள். "ஒண்ணும் உடையல சாரு" என்று வழி முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் இதயத்தில் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது, இனிமேல் பட்டறை வேலை கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மங்கலம்பேட்டை ரோட்டில் அவர் வீடு. நானும் அம்சவல்லியும் போய்ப் பார்த்தோம். சாத்துக்குடிப் பையை வாங்கி வைத்துவிட்டு அவர் மனைவி எங்களுக்கு ஸ்டூல் போட்டாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், மறுபடி சுவர். அம்சவல்லி என்ன பேசுவது என்று தெரியாமல், "கம்பெனில எல்லாரும் உங்கள கேட்டாங்க சாரு" என்றாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. வாசல் வரைக்கும் வந்த மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "தெனம் வூடே அதிர்ற மாதிரி கத்துவாரு மேடம், எப்படா வாய மூடுவாருன்னு இருக்கும். இப்ப சின்னது வந்து, 'அப்பாவ ஒரு தடவ திட்டச் சொல்லும்மா'ன்னு அழுவுது."

புது சூப்பர்வைசர்

சில வாரம் வகுப்பு நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகு கார்த்திக் போன் செய்தான். நடந்ததில் எல்லோரும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், அதற்குத் தகுந்த மாதிரி ஒரு வகுப்பு வேண்டும் என்றான். போனேன். முருகவேல் இடத்தில் வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இளவயசு. இஸ்திரி கலையாத சட்டை. யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுகிறார். சத்தம் போடுவதே இல்லை. என்னைப் பார்த்ததும், "உங்க செஷன் ரொம்ப முக்கியம் மேடம்" என்று கைகூப்பினார். அப்பாடா, இவர்களுக்கு ஒரு நல்ல காலம் என்று நினைத்தேன்.

கண்ணை மூடச் சொன்னேன். அம்சவல்லி மட்டும் மூடவில்லை; மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு கலைந்த பிறகு என்னவென்று கேட்டேன். புது சார் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்திருக்கிறாராம். விரிசல் விட்ட ஒவ்வொரு பீஸையும் போட்டோ எடுத்து, செய்தவர் பேரோடு அதில் போடுவார். கீழே கும்பிடுகிற கை படம் ஒன்றும் இருக்கும். சமைக்கும்போது வரும், குளித்துவிட்டு வந்தால் வந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் வரும். டிங் என்றால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிப்போய், தன் பேர் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். புருஷன் போன் அடித்தால்கூட எடுக்கப் பயம். திட்டாத மனுஷன்மேல் என்னவென்று புகார் சொல்வது என்றும் தெரியவில்லை. பையை மாட்டிக்கொண்டு கேட் பக்கம் நடந்தவள், நின்று சொன்னாள்: "முருகவேல் சாரு கத்துனாருன்னா கம்பெனி கேட்டோட முடிஞ்சிடும் மேடம். இவரு எங்ககூடவே வூட்டுக்கு வந்துடறாருங்க."

அடுத்த வருஷத்துக்கும் வகுப்பை நீட்டித்திருக்கிறார்கள். வேலைக்கு இன்னும் இரண்டு ஆள் போடவேண்டிய கம்பெனி, அந்த இரண்டு பேருக்குப் பதிலாகப் போட்டிருக்கிற ஆள்தான் நான் என்று எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.