பூட்டிய அறையில் ஒலித்த எச்சரிக்கை

கம்பெனிகளின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. வீடு விருதுநகரில், வேலை முக்கால்வாசி சிவகாசிப் பக்கம். பிரிண்டர் ஓடவில்லை, நெட் வரவில்லை என்று கூப்பிடுவார்கள். அந்தச் சித்திரையில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி கூப்பிட்டது வேறு மாதிரியான காரியத்துக்கு.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்த அவருடைய யூனிட்டில் இடி விழுந்து, உலர்த்தும் மேடையில் காயப்போட்டிருந்த வெடிகள் பற்றிக்கொண்டன. தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு கைகளும் வெந்துவிட்டன. மற்றவர்கள் ஓடித் தப்பித்திருக்கிறார்கள்.

மின்னல் வரும் என்றால் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். சிவகாசி ஆபீசில் ஒரு பட்டனை அழுத்தினால் யூனிட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எச்சரிக்கைக் குரல் வரும். அங்கே இருக்கும் பெண் உடனே போய் மணி அடிப்பாள். அன்றைக்குச் சிவகாசியில் அழுத்தியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் பச்சையும் காட்டியிருக்கிறது. மணி மட்டும் அடிக்கவில்லை. அந்தப் பெண் இருக்கையில் இல்லை, இல்லையென்றால் போன் பேசிக்கொண்டிருந்தாள் என்று முடிவு கட்டி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"மிஷின்ல கோளாறு இல்லேன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்திருங்க பாய்" என்றார் முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நடந்ததற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது அவருக்கு.

சிவகாசியிலிருந்து யூனிட் ஆபீஸ் கம்ப்யூட்டரை, அதன் பெயரைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. எல்லாம் சரி என்று எழுதிக்கொடுத்திருக்கலாம்தான். நேரில் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று முதலாளியோடு யூனிட்டுக்குப் போனேன். மேடை இருந்த இடம் கரியாகக் கிடந்தது. ஆபீசில் வேலை போன பெண்ணின் கம்ப்யூட்டரைத் திறந்து அதன் நெட்வொர்க் எண்ணைப் பார்த்தேன். சிவகாசியில் எனக்குப் பதில் சொன்ன எண் அது இல்லை.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சர்வர் ஒரு எண்ணைக் கொஞ்ச காலத்துக்கு இரவல் கொடுக்கும். கம்ப்யூட்டர் பல நாள் அணைந்து கிடந்தால் கெடு முடிந்து அந்த எண் வேறொன்றுக்குப் போய்விடும். ஆனால் நாம் கூப்பிடுவது எண்ணை வைத்து அல்ல, பெயரை வைத்து. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்வது டிஎன்எஸ் பதிவு. எண் மாறினால் பதிவும் மாற வேண்டும். இங்கே மாறவில்லை. யூபிஎஸ் பழுதாகி அவளுடைய கம்ப்யூட்டர் கொஞ்ச நாள் அணைந்து கிடந்திருக்கிறது. திரும்பப் போட்டபோது புது எண் கிடைத்திருக்கிறது. பதிவை எழுதியது பழைய சர்வர். அதைத் தூக்கிவிட்டுப் புதுசு வைத்தவர்கள், பழைய பதிவுகளைத் திருத்தும் உரிமையைப் புதுசுக்குக் கொடுக்க மறந்திருக்கிறார்கள். புதுப்பிக்காத பதிவுகளைத் தானாக அழிக்கும் வசதியையும் யாரும் போட்டு வைக்கவில்லை.

அப்படியானால் அந்தப் பழைய எண்ணில் பதில் சொல்வது யார்?

சிவகாசிக்குப் போன் போட்டு, சோதனைக்காகப் பட்டனை அழுத்தச் சொன்னேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை. முதலாளியும் போர்மேனும் என்னோடு வெளியே வந்தார்கள். காகிதக் குடோனுக்குப் பக்கத்தில் போனதும் கேட்டது. பூட்டின கதவுக்கு உள்ளே, "மின்னல் அபாயம், வெளியேறவும்" என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சரக்குக் கணக்குக்காகப் புதிதாக வைத்த கம்ப்யூட்டர். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பழைய எண் அதற்குப் போயிருந்தது. கம்பெனியின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்ட அதே புரோகிராம் அதிலும் இருந்தது.

போர்மேன் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலாளி கதவைப் பார்த்தபடி நின்றார். குரல் நின்ற பிறகும் அவர் நகரவில்லை.

வேலை போன பெண்ணின் வீடு நாரணாபுரத்தில். அன்று சாயங்காலமே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"எனக்கே சந்தேகம் வந்திருச்சுண்ணே" என்றாள். "ஆளாளுக்குச் சொல்லவும், ஒருவேளை சத்தம் வந்து, நாந்தான் கவனிக்கலையோன்னு. கண்ணை மூடுனா அந்தச் சத்தம் கேட்ட மாதிரியே இருக்கு."

முதலாளி திரும்ப வேலைக்கு வரச் சொல்லியிருப்பதைச் சொன்னேன். அது இருக்கட்டும் என்றாள். காயம்பட்டவள் இவளுக்கு அடுத்த தெருவாம், மதினி முறை. இவள்தான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருகிறாள். அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். "அவுககிட்ட நீங்க வந்து சொல்லுங்கண்ணே. நான் சொன்னா தப்பிக்கச் சொல்லுதேன்னு ஆயிரும்."

மறுநாள் இருவருமாகப் போனோம். முழங்கை வரை கட்டுப் போட்டிருந்த அந்த அம்மாளுக்கு, பெயர் ஒரு இடம், ஆள் ஒரு இடம் என்று ஆகிப்போனதைச் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. இவள் கட்டிலின் கால்மாட்டில் தலையைக் குனிந்து நின்றாள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார். "இப்பவும் அந்தச் சத்தம் குடோனுக்குத்தான் போகுதா பாய்? அங்கன இன்னைக்கும் ஆளுக வேலை பாக்காகளே."

"சரி பண்ணிட்டேம்மா."

"நின்னு கேட்டீகளா?"

"கேட்டேன்."

அதற்குப் பிறகுதான் இவள் பக்கம் திரும்பினார். "சோத்தைப் பிசைடீ, பசிக்கி" என்றார். இவள் டிபன் பாத்திரத்தைத் திறந்தாள். மூடி கீழே விழுந்து உருண்டது. எடுத்துக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

அந்த அம்மாளுக்கு வலது கை விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. வெடிமருந்து வேலைக்குத் திரும்பப் போகவில்லை. இவள் மறுபடி அதே இருக்கைக்குப் போனாள். அவளுடைய கம்ப்யூட்டருக்கு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். மற்றக் கம்ப்யூட்டர்களின் பதிவு புதுப்பிக்காமல் கிடந்தால் தானாக அழிந்துவிடும்படி செய்துவிட்டேன். இப்போது பச்சை விளக்கை மட்டும் யாரும் நம்புவதில்லை. சிவகாசியில் பட்டனை அழுத்தியவர், அவள் போனில் "கேட்டுச்சு" என்று சொல்லும் வரை இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது.