ஈரச்சாக்கு

சிட்னியில் பழைய கார்களின் நேர்கோட்டுக் குறுந்தூர டிராக் பந்தயம். தீயணைப்புப் பொறுப்பு என்னுடையது. பந்தயக்காரர் குகன் அண்ணை காரின் டாங்கியைத் திறந்ததும் பெற்றோல் மணம் என்னை யாழ்ப்பாணத்து முற்றத்துக்குக் கொண்டுபோனது.

போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை. அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு அவர் உதைக்கும்போதெல்லாம் அம்மா ஈரச்சாக்கோடு பக்கத்தில் நிற்பார்.

"உமக்கு எல்லாத்துக்கும் பயம்" என்பார் அப்பா.

ஒருநாள் கார்புரேட்டர் குப்பென்று பற்றியது. அப்பா துள்ளி விலகினார். அம்மா சாக்கைப் போட்டு அமுக்கினார். புகை அடங்கியதும், "இப்ப உதையுங்கோ" என்றார்.

குகன் அண்ணை தீக்காப்பு உடையின் ஜிப்பைப் பூட்டாமலே காரில் ஏறினார். "வெயில் கொளுத்துது தங்கச்சி. கொஞ்சத் தூரம்தானே."

தீயணைப்பானோடு காருக்கு முன்னால் போய் நின்றேன். பின்னால் காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நான் அசையவில்லை. அவர் முணுமுணுத்தபடி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.

விலகி வழிவிட்டேன். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ."