நாடியில் ஒன்று தசம் எட்டு

மார்க்கம் நகரில் ஒரு டொக்டருக்கு பில்லிங் செய்கிறவன் நான். காயத்துக்கு அவர் தையல் போடுவார். அந்தத் தையலுக்கு நான் பில்லில் கோட் இலக்கம் போடுவேன். இலக்கியம் படித்தவன் வேறென்னத்தைத்தான் கிழிப்பது? கைகாலில் பட்ட காயத்துக்கு ஒரு கோட், முகத்துக்கு வேறொன்று. ஐந்து சென்ரிமீற்றருக்குள் எல்லாம் ஒரே கோட்தான். ஆனாலும் நீளம் எழுதியிருக்க வேண்டும். டொக்டர் மறந்துவிடுவார். நான் போனில் கேட்பேன்: "எத்தனை சென்ரிமீற்றர்?"

போன மாதம் ஒரு நாலு வயதுப் பிள்ளையின் நாடியில், வாய்க்குக் கீழே, பட்ட காயம் பில்லுக்கு வந்தது. என் மகளுக்கும் அதே வயதில், அதே இடம். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் இருந்தபோது சோபாவிலிருந்து குதித்து மேசை விளிம்பில் மோதினாள். பார்த்துக்கொள்ள வேண்டிய தகப்பன் புத்தகத்துக்குள் இருந்தான். எமேர்ஜென்சியில் ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள்தான் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளுக்கு வன்கூவரில் வேலை. வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் என்னோடு பேசுவாள். வீடியோவில் எனக்குத் தெரிவது பெரும்பாலும் நாடிதான்.

அன்றிரவு போனில் கேட்டேன்: "பிள்ளை, உன்ரை தழும்பு எத்தனை சென்ரிமீற்றர்? வேலைக்குத் தேவைப்படுது."

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் மனிசி திரும்பாமலே சொன்னாள்: "பிள்ளையைப் பார்க்கவேணும் போலை கிடக்கெண்டு சொன்னால் வாயிலை இருக்கிற முத்து உதிர்ந்திடுமோ?"

மகள் சிரித்துக்கொண்டே அடிமட்டம் எடுத்துவந்தாள். தன் நாடியின் அடிப்பக்கத்தை யாரால் பார்க்க முடியும்? திரைக்கு வெளியேயிருந்து ஒரு கை வந்து அடிமட்டத்தை வாங்கியது. நாடியை மெல்ல உயர்த்தியது.

"வன் பொயின்ற் எயிற், அங்கிள்" என்றது ஓர் ஆண் குரல்.

தையல் போட்ட அன்று ஒரு சென்ரிமீற்றர்தான் இருந்தது. தழும்பும் பிள்ளையோடு வளர்ந்திருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்ட இடத்தை யாரோ ஒருவன் குனிந்து, கவனமாகப் பார்த்திருக்கிறான். நீர் ஆர் என்று கேட்க வாயெடுத்தேன்.

"நேராய்ப் பிடிச்சு அளந்தனீரோ?" என்றுதான் வந்தது.

"ஓம் அங்கிள். ரெண்டு தரம்."

போனை வைத்தேன். "எத்தனையாம்?" என்றாள் மனிசி.

"ஒன்று தசம் எட்டு."

"ஆர் அளந்தது?"

நான் வன்கூவருக்கு ரிக்கெற் தேடத் தொடங்கினேன். தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு பின்னால் வந்து நின்றாள்.

"ரெண்டாப் போடுங்கோ."