முடி முளைக்கிற வரைக்கும்

அந்தத் தெருவுக்குள் நான் நுழைந்தாலே ஒரு எவர்சில்வர் தட்டு சத்தமாகக் கீழே வைக்கப்படும். வடசென்னை விம்கோ நகரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டோரம் நாஷ்டாக் கடை போட்டிருந்த அக்காவின் வேலை அது. அவருடைய செவலை நாயிடம் நான் ரத்தம் எடுத்ததிலிருந்து அவர் என்னோடு முகம்கொடுத்துப் பேசியதில்லை.

கால்நடை மருத்துவ மேற்படிப்பில் என் ஆய்வு இதுதான்: ஆலைப் புகைக்குள் வாழும் நாய்களின் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. கடல் காற்றில் இரும்பு துருப்பிடிப்பதுபோல உடம்பும் அரிபடுகிறது. அதற்கு எதிராக உடம்பு பூசிக்கொள்ளும் பெயின்ட் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். முதலில் ஒருமுறை ரத்தம், பிறகு ஒரு மாதம் விட்டமின் மாத்திரை, கடைசியில் மறுபடி ரத்தம். செவலை சாதுவாக முன்காலை நீட்டியது. ரத்தக்குழாய் தெரிவதற்காகக் கொஞ்சம் முடியை வழித்தேன். வம்பு அங்கேதான் பிறந்தது.

காது நுனி வெட்டிய நாய் என்றால் கார்ப்பரேஷன் பிடித்துப்போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்ட நாய் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கால் வழித்த நாயை யாரும் பார்த்ததில்லை. “வெறி புடிச்சிகீதான்னு டெஸ்ட் எடுத்துகினு போய்கீறானுங்க” என்று ஒரு லாரி டிரைவர் கிளப்பிவிட்டார். சாப்பிட வந்தவர்களில் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போனார்கள். செவலை மேல் கல் விழுந்தது.

மாத்திரையோடு நான் போனபோது அக்கா கரண்டியோடு எழுந்தார்.

“டேய், உங்கப்பன் லாரி கழுவி உன்ன படிக்க வெச்சது நாய்க்கு சவரம் பண்றதுக்கா?”

“அதுக்கு நோவு ஒண்ணும் இல்லக்கா. சும்மா அளவு பாக்கத்தான்...”

“என்னாண்ட சொல்லாத. துன்றவனாண்ட சொல்லு.”

சொன்னேன். “நோவு இல்லன்னா நீ இன்னாத்துக்கு மாமு கிளவுஸ் போட்டுகினு தொட்ட?” என்றார் ஒரு கிளீனர். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர.

“குந்து. நாய ஒட்டிகினு குந்து. டெய்லி வந்து இங்கியே துன்னு, எல்லாரும் பாக்கட்டும். முடி முளைக்கிற வரைக்கும்.”

போனேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், பக்கத்தில் செவலை. என் தட்டிலிருந்து பிட்ட இட்லிக்குள் மாத்திரையை வைத்து வெறுங்கையால் ஊட்டினேன். அக்கா என் சட்டையில் தெறிக்கிற மாதிரி சாம்பார் ஊற்றுவார். “டாக்டரு இன்னிக்கும் சாவல பா” என்று அந்தக் கிளீனர் எதிர்க் கடையிலிருந்து கத்துவார். கத்திக்கொண்டிருந்தவரே ஒருநாள் இந்தப் பக்கம் வந்து நான்கு இட்லி கேட்டார்.

முடி முளைத்தது. ரத்தம் எடுக்க வேண்டிய நாளும் வந்தது.

“பிளேட எடுத்த, வெரலு இருக்காது” என்றார் அக்கா.

ஸ்பிரிட்டால் முடியை நனைத்து, வகிடு பிரித்து ஊசியைக் குத்தினேன். ரத்தக்குழாய் தவறியது. செவலை வீறிட்டது, தெருவே திரும்பிப் பார்த்தது. மறுபடி குத்தி, துளித்துளியாக எடுத்தேன். லேபில் சுழற்றிப் பார்த்தால், மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம் சிவந்து நின்றது. நான் குத்திக் குத்தி எடுத்ததில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன, அதை வைத்து அளந்தால் அளவு பொய்யாக வரும். “முடிய ஏன் எடுக்கல?” என்று கேட்ட பேராசிரியர், பதிலுக்குக் காத்திருக்காமல் செவலையை ஆய்விலிருந்து நீக்கினார்.

மறுநாள் காலை கடையில் நல்ல கூட்டம். நான் ஸ்டூலில் உட்கார்ந்ததும் அக்கா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்.

“இன்னாடா, ரத்தம் எப்டி கீது?”

சட்னியில் தோய்ந்த கைகள் அப்படியே நின்றன. ரத்தம் கெட்டுப்போச்சு என்று இங்கே சொன்னால் என்ன அர்த்தமாகும் என்று எனக்குத் தெரிந்தது.

“நாய் நல்லா கீதுக்கா.”

“கத்தி சொல்லு.”

“நாய் நல்லா கீது!”

கைகள் வாய்க்குப் போயின. அக்கா என் ஸ்டூலைக் காலால் தட்டினார்.

“அப்ப எய்ந்திரு. ஆளுங்க நின்னுகினு துன்றாங்க, பாக்கல?”