பஸ்ஸுக்குள் கேட்ட "பிரசன்ட் சேர்"

இன்று பலாபத்வலயிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில், தவறவிட்ட விரிவுரையின் வீடியோவைப் பார்க்க போனை எடுத்தேன்.

விரிவுரை நடந்த அன்று நான் கம்பஸ் போகவில்லை. தேர் பார்க்க ஊரில் நின்றுவிட்டேன். அம்மாவிடம், "இன்னைக்கு லெக்சர் இல்லம்மா" என்று சொல்லியிருந்தேன்.

இயர்போனில் சத்தம் போதவில்லையே என்று கூட்டிக்கொண்டே போனேன். அது போனோடு இணையவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீடியோவில் சேர் ஆரம்பித்தார். "மாத்தளைத் தேர்னு யாரும் லீவு போடலையே? பேர் கூப்பிடுறேன். சுகந்தி?"

"பிரசன்ட் சேர்!" மூக்கைப் பிடித்துக்கொண்டு என் தோழி ரம்யா.

முன் சீட்டிலிருந்து பக்கத்து வீட்டு மலரக்கா திரும்பினார்.

"ஏன் சுகந்தி, தேரன்னைக்கு நீ என்கூடத்தானே வடம் புடிச்ச? அங்க யாரு வந்தது?"

கண்டக்டர் உட்பட பஸ்ஸே என்னைப் பார்த்தது. சேர் இன்றுவரை கண்டுபிடிக்காததை, அலுவிகாரை வருவதற்குள் அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

சாயங்காலம் அம்மாவைப் பார்க்க வருகிறாராம். அதற்குள் யாராவது நல்ல பதிலாகச் சொல்லித் தாருங்கள். ரம்யா மட்டும் வாயைத் திறக்க வேண்டாம். எனக்காக அவள் பேசியது போதும்.